நாட்டு மரக் கன்று கேக்கிறவங்களுக்கு: விதை எங்க இருந்து வருது?

நேர்சரிக்காரி, பத்தரமுல்லை:
2018இல கொழும்புக்கு ராம்சர் (ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்ச பிறகு, சதுப்புக் கரையில நடக் கன்று கேட்டு வாறவங்க கூடிட்டாங்க. எனக்கு அதில பெரிய சந்தோசம். ஆனா ஒரு கம்பனி கேட்டது இப்பிடி: "அடுத்த மாதம் விழா, ஆயிரம் கன்று வேணும், எல்லாம் நாட்டு மரமா இருக்கணும்." கடைசியில அவங்க கொண்டு போனது மகோகனி. அது அமெரிக்கக் கண்டத்து மரம், ஆனா விதை லேசாக் கிடைக்கும்.

ஹொர மரத்தை எடுங்க, எங்கட ஈர வலயத்துக் காட்டில உயர வளர்ற நாட்டு மரம். அதின்ட விதையைக் காய வச்சுப் போத்தலில போட்டு வைக்கேலாது, காய்ஞ்சா முளை செத்துடும். விழுந்த கையோட மண்ணில போடணும். வருசா வருசம் காய்க்கிறதும் இல்ல. ஒரு வருசம் அடி முழுக்கக் கொட்டிக் கிடக்கும், பிறகு சில வருசம் தேடினாலும் இல்ல. ஒதுக்குக் காட்டுக்குள்ள பொறுக்க அனுமதி வேணும். கடிதம் கைக்கு வரேக்க விதை முளைச்சு முடிஞ்சிருக்கும்.

இதுக்கிடையில வெல் அத்தா, வெளிநாட்டில இருந்து வந்து சதுப்பைப் பிடிச்ச மரம், எவ்வளவு வேகமாப் பரவுது எண்டு பாருங்க. பழம் தண்ணியில மிதந்து போய் அடுத்த கரையில முளைக்குது. ஆள் விட்டு வெட்டி எடுத்த இடத்தில நட எங்களிட்ட கன்று தயாரா இல்லாட்டி, அதே வெல் அத்தாதான் திரும்ப வரும். வெட்டுறதுக்குக் காசு ஒதுக்கிறாங்க, விதை சேர்க்க ஒதுக்கிறதில்ல. எனக்கு ஆத்திரம் வாறது இதிலதான்.

வவுனியாப் பொடியன், வெள்ளவத்தை:
அக்கா, நான் வேற ஒண்டு பார்த்தன். வன்னியில இருந்து பாலை விதை கொண்டு வந்து கொழும்புச் சதுப்பில போட ஒரு குழு வெளிக்கிட்டது. பாலை உலர் வலய மரம். இலங்கை மரம் எண்டாப் போதாது, அந்த மண்ணுக்கும் மழைக்கும் உரியதா இருக்கோணும். பாலை விதை முளைக்கிறதும் மெதுவு, வளர்றதும் மெதுவு. இந்தியாவில சப்போட்டாவை ஒட்டுறது பாலைக் கன்றிலதான், அதுக்கு அங்க விதை சேர்க்க ஆக்கள் இருக்கினம். எங்கட காட்டுக்கு எண்டு சேர்க்க ஒருத்தரும் இல்ல.

ஆசிரியை, கொட்டாஞ்சேனை:
எங்கட பிள்ளைகள் கடற்கரை வீதியில புன்னைக் காய் பொறுக்கினாங்க. ஓட்டோட போட்டது முளைக்க ரெண்டு மாதம் மட்டில எடுத்தது. ஓட்டை உடைச்சுப் பருப்பைப் போட்டது மூண்டு வாரத்தில வந்தது. ஒரு கேள்வி தங்கச்சி, எல்லாக் காயும் ஒரே மரத்தில எடுத்தாப் பரவாயில்லையா?

நேர்சரிக்காரி, பத்தரமுல்லை:
ஒரே மரம் வேண்டாம் டீச்சர். எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகளாப் போயிடும், ஒரு நோய் வந்தாச் சேர்த்துக் கொண்டுபோகும். தள்ளித் தள்ளி நிக்கிற மரங்களில எடுத்து, எந்த மரம், எந்தத் திகதி எண்டு பையில எழுதி வைங்க. கன்று வேணுமெண்டா ஒரு வருசம் முன்னுக்கே சொல்லி முற்பணம் தாங்க எண்டு இப்ப எல்லாரிட்டையும் கேக்கிறன். சிலர் திரும்பிப் போறாங்க, சிலர் தாறாங்க. தந்தவங்களுக்காக இப்ப மருதும் புன்னையும் வளருது.

அவிசாவளைப் பக்கம் ஹொர பூத்திருக்கிறதை யாராவது கண்டா, காய் விழ முந்தி இங்க எழுதுங்க. பொறுக்க நானே வாறன்.