போரிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் இருந்தும் ஏன் ஒரு காரத்துவம்?

கேள்வி:
பிளஸ் டூ படிக்கிறேன். பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் இருந்தாலும் ஒன்று நேராகப் பாஸ்பரஸோடு பிணைந்திருப்பதால் வெளியேறாது, அதனால் இரு காரத்துவம், அதாவது இரண்டு புரோட்டான்களை மட்டுமே தரும். இது புரிகிறது. ஆனால் போரிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடுதான் இருக்கின்றன, பிறகு ஏன் ஒன்று மட்டும் போகிறது? "லூயி அமிலம் என்பதால்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எலக்ட்ரான் இரட்டையை ஏற்பதற்கும் புரோட்டான் வெளிவருவதற்கும் என்ன சம்பந்தம்?

பதில் 1:
அந்த மூன்றில் ஒன்றுகூடப் போவதில்லை தம்பி. வெளியே வருவது தண்ணீரின் புரோட்டான்!

போரானுக்கு வெளிக்கூட்டில் 3 எலக்ட்ரான், மூன்று பிணைப்பு போட்ட பிறகும் அதைச் சுற்றி 6தான், ஒரு பி ஆர்பிட்டால் காலியாகக் கிடக்கிறது. தண்ணீரின் ஆக்சிஜன் தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையை அங்கே கொடுக்கிறது. கொடுத்ததும் அந்த ஆக்சிஜனில் எலக்ட்ரான் அடர்த்தி குறைந்து, தன் ஹைட்ரஜன் மேல் இருந்த பிடி தளர்கிறது, பக்கத்திலிருக்கும் இன்னொரு தண்ணீர் மூலக்கூறு அதைப் புரோட்டானாக எடுத்துக்கொண்டு ஹைட்ரோனியம் ஆகிறது. போரானில் இப்போது நான்கு ஹைட்ராக்சில், சுற்றி 8 எலக்ட்ரான். இடம் நிரம்பிவிட்டது, இரண்டாவது இரட்டையை வாங்க முடியாது. அதனால்தான் ஒரு காரத்துவம்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். ஜி. என். லூயிஸ் 1923-இல் கொடுத்த லூயி அமில வரையறையில் புரோட்டானுக்கு வேலையே இல்லை. போரான் ட்ரைபுளூரைடும் அம்மோனியாவும் சேர்வதைப் பாருங்கள்: நைட்ரஜன் இரட்டையைக் கொடுக்கிறது, போரான் வாங்கிக்கொள்கிறது, ஈதல் சகப்பிணைப்பு உண்டாகிறது, அவ்வளவுதான். எந்தப் புரோட்டானும் எங்கும் போகவில்லை. முதலில் இதைப் படித்துவிட்டு போரிக் அமிலத்துக்கு வந்தால் இந்தக் குழப்பமே வராது, பாடத்தில் வரிசையை மாற்ற வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். அப்படி வாங்கத் தயாராக இருந்தால் ஏன் இவ்வளவு வலிமை குறைந்த அமிலம்? லேபில் காஸ்டிக் சோடாவோடு தரம்பார்த்தபோது நிறங்காட்டியான பினாப்தலீனின் நிறம் மெதுவாக மெதுவாக ஏறியது, முடிவுநிலையே தெரியவில்லை.

பதில் 3:
போரானோடு ஏற்கெனவே இருக்கும் மூன்று ஆக்சிஜன்களும் தங்கள் தனித்த இரட்டைகளை அந்தக் காலி ஆர்பிட்டாலுக்குள் ஓரளவு சாய்த்துக் கொடுக்கின்றன, அதனால் வெளியிலிருந்து வாங்கும் பசி குறைவு. பிகேஏ (அமில வலிமையைக் காட்டும் எண், கூடினால் வலிமை குறைவு) சுமார் 9.2, அசிட்டிக் அமிலத்துக்கு 4.76. இதோடு நேரடியாகத் தரம்பார்த்தால் உங்களுக்கு வந்த மாதிரிதான் வரும். அடுத்த முறை கிளிசரால் அல்லது மானிட்டால் தாராளமாகச் சேர்த்துப் பாருங்கள். அவற்றில் அடுத்தடுத்து இருக்கும் ஹைட்ராக்சில்கள் போரானை இடுக்கி போலப் பிடித்து நான்கு ஆக்சிஜன் பிணைந்த அந்த எதிர்மின் அயனியை நிலைப்படுத்துவதால் அமிலம் வலுவாகிறது, இளஞ்சிவப்பு சட்டென்று வரும். அப்போது 1 மோலுக்கு 1 மோல் காஸ்டிக் சோடா என்று கணக்கும் சரியாக விழும்.

கேள்வி கேட்டவர்:
இப்போது தண்ணீரின் ஹைட்ரஜனை மட்டும் சிவப்பு மையில் எழுதி சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். ஹைட்ரோனியத்துக்குப் போனது சிவப்புதான்.