ஐந்து மாத வட்டி எனக்கு, ஒரு ரூபாய் வட்டியும் இல்லை அப்பாவுக்கு: கணக்கு சரியா?

உறையூர்வாசி:
2023-24 நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டர்னை 2024 ஆகஸ்ட் 3 அன்று தாக்கல் செய்தேன். டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வரி) போக 48,000 ரூபாய் வரி பாக்கி. அதையும் அன்றுதான் கட்டினேன். தாமதக் கட்டணம் 5,000 தனி. வட்டி மட்டும் 5,304 ரூபாய்! மூன்று நாள் தாமதத்துக்கு இவ்வளவா? அப்பா ஓய்வூதியர், ஜூலையிலேயே தாக்கல் செய்துவிட்டார். அவருக்கு 5,900 ரூபாய் ரீஃபண்ட் வந்தது, வட்டி இல்லை. ஏதாவது பிழையா?

வரிக்கணக்கர்:
பிழை இல்லை நண்பரே. உங்கள் மீது வருமான வரிச் சட்டத்தின் மூன்று பிரிவுகள் ஒருசேர விழுந்திருக்கின்றன.

தாமதமாகத் தாக்கல் செய்ததற்கு 234ஏ. மாதத்தில் ஒரு நாள் என்றாலும் முழு மாதக் கணக்கு. 1% ஆக 480. அட்வான்ஸ் வரி, அதாவது நிதியாண்டு முடியும் முன்பே தவணைகளில் கட்டவேண்டிய வரி, கட்டாததற்கு 234பி. அது ஏப்ரல் 1 முதல் ஓடும். ஆகஸ்டையும் சேர்த்து ஐந்து மாதம், 2,400. தவணை தவறியதற்கு 234சி. ஜூன், செப்டம்பர், டிசம்பர் 15ஆம் தேதிகளுக்குள் முறையே 15, 45, 75 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். அவற்றுக்கு 3% வீதம் 216, 648, 1,080. மார்ச் தவணைக்கு 1%, 480. ஆக 2,424.

எனவே மூன்று நாள் தாமதத்தின் விலை வட்டியில் 960 ரூபாய்தான்: 234ஏ முழுதும், 234பியில் ஆகஸ்ட் மாதமும். மீதி வட்டி முந்தைய ஆண்டே தொடங்கிய கடன்.

உறையூர்வாசி:
நன்றி ஐயா. வங்கி டெபாசிட் வட்டிக்கு டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அப்பா விஷயம்?

வரிக்கணக்கர்:
அப்பாவின் மொத்த வரி எவ்வளவு?

உறையூர்வாசி:
64,000.

வரிக்கணக்கர்:
அங்கேதான் சிக்கியது. 244ஏ பிரிவின்படி, ரீஃபண்ட் தொகை நிர்ணயிக்கப்பட்ட வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவானால் வட்டி இல்லை. 6,400ஐத் தொட 500 ரூபாய் குறைந்துவிட்டது. தொட்டிருந்தால் ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீதம் வந்திருக்கும். அந்த வட்டியும் வருமானமாகக் காட்டவேண்டியதே.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
தம்பி, இந்த விகிதங்கள் 2003 செப்டம்பர் 8 அன்று வந்தவை. அதற்கு முன் நாம் கட்டுவது மாதம் 1.25%, அரசு தருவது ஒரு சதவீதத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் இறக்கினார்கள். ஆனாலும் நாம் கட்டுவது ஆண்டுக்கு 12%, அரசு தருவது 6%! ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதத்தை) ஏற்றினாலும் இறக்கினாலும் இவை நகர்வதில்லை, சட்டத்திலேயே எண்ணாக எழுதப்பட்டிருப்பதால். அமெரிக்காவில் அரசின் குறுகிய காலக் கடன் வட்டியோடு 3 புள்ளிகள் கூட்டிக் காலாண்டுதோறும் நிர்ணயிக்கிறார்கள். தனிநபருக்குக் கட்டும் வட்டியும் பெறும் வட்டியும் ஒரே விகிதம். அதுவே நியாயம் என்பது என் கருத்து. நேரத்துக்குக் கட்டாதவரிடம் கூடுதலாக வாங்க அபராதம் என்று தனியே இருக்கிறதே, வட்டியை ஏன் அதற்குக் கருவியாக்க வேண்டும்?

உறையூர்வாசி:
உண்மை ஐயா. ஒரு சந்தேகம்: மார்ச் 15ஐத் தவறவிட்டால் பிறகு கட்டிப் பயனில்லையா?

வரிக்கணக்கர்:
உண்டு. மார்ச் 31க்குள் கட்டுவதும் அட்வான்ஸ் வரியாகவே கொள்ளப்படும். 234சி தப்பாது, 90 சதவீதம் கட்டிவிட்டால் 234பி வராது. அப்பாவுக்கு 60 வயது கடந்து, தொழில் வருமானம் இல்லையென்றால் அவருக்கு அட்வான்ஸ் வரியே கிடையாது.