ஏழாம் வாரத்தில் கலைந்த கரு: புரோஜெஸ்டிரோன் குறைவுதான் காரணமா?

கேள்வி:
இரண்டு முறை நாள் தள்ளிப்போய், இரண்டு முறையும் ஏழாம் வாரத்திலேயே கரு கலைந்துவிட்டது. இரண்டாம் முறை உதிரப்போக்கு தொடங்கிய அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில், கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 6 நானோகிராம் என்று வந்தது. ‘முன்பே மாத்திரை போட்டிருந்தால் தங்கியிருக்கும்’ என்று மாமியார் முதல் மருந்துக்கடைக்காரர் வரை சொல்கிறார்கள். அது உண்மையா?

பதில் 1:
சகோதரி, நான் மகப்பேறு மருத்துவர். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திசுதான் முதல் சில வாரங்களுக்குப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் அந்த வேலையை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது. ஏழு வாரத்துக்கு முன் அத்திசுவை அகற்றினால் கரு கலைந்துவிடுவதை 1970களில் ஆய்வாளர் அர்பாட் சாப்போ காட்டினார். எனவே ஹார்மோன் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்திசுவை இயக்குவது கருவிலிருந்து வரும் எச்சிஜி என்ற ஹார்மோன்; கருவின் வளர்ச்சி முன்பே நின்றிருந்தால் எச்சிஜி குறையும், அதைத் தொடர்ந்து புரோஜெஸ்டிரோனும் சரியும். உதிரப்போக்கு நாளில் கண்ட 6 பெரும்பாலும் கலைந்ததன் விளைவே. தொடக்கக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். அதை எந்த மாத்திரையும் திருத்தாது.

பதில் 2:
ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் கரு கலைந்த 836 பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியான பிராமிஸ் ஆய்வில், பிறப்புறுப்பில் புரோஜெஸ்டிரோன் வைத்தவர்களில் 65.8 சதவீதமும் மருந்தற்ற மாத்திரை வைத்தவர்களில் 63.3 சதவீதமும் உயிருள்ள குழந்தை பெற்றார்கள்; இதை வேறுபாடு என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் உதிரப்போக்கு கண்ட 4,153 பெண்களைக் கொண்ட பிரிசம் ஆய்விலோ (2019), முன்பு மூன்றோ அதற்கு மேலோ கருவை இழந்தவர்களில் மட்டும், உயிருள்ள குழந்தை பெற்றவர்கள் மருந்தற்ற மாத்திரையால் 57 சதவீதமாகவும் புரோஜெஸ்டிரோனால் 72 சதவீதமாகவும் இருந்தார்கள். அதன் பிறகே, உதிரப்போக்கும் முந்தைய இழப்பும் இருந்து, கரு கருப்பையில் இருப்பது ஸ்கேனில் உறுதியானவர்களுக்குத் தினம் இருமுறை 400 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோனைப் பிறப்புறுப்பில் வைக்கும்படி பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2021இல் பரிந்துரைத்தது. அடுத்த முறை உதிரம் கண்டால் நீங்களும் அந்த வரையறைக்குள் வருவீர்கள்.

பதில் 3:
தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா? எனக்கு மூன்றாம் இழப்புக்குப் பிறகுதான் பார்த்தார்கள். தைராய்டு வெகுவாகக் குறைந்திருந்தது. முதல் மூன்று மாதம் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனுக்குக் கரு தாயையே நம்பியிருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டிஎஸ்எச் பார்க்கவில்லை, திங்கட்கிழமை காலையே கொடுக்கிறேன். மாமியாரிடம் முதல் பதிலைப் படித்துக் காட்டினேன். ‘அப்படியானால் உன் மேல் குற்றமில்லை’ என்றார்.