போன் ஆர்டரைப் பதிவு செய்ய எந்தக் கருவி வாங்கலாம்?

இலைக்கணக்கு:
ஈரோட்டில் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம், ஆர்டர் எல்லாம் போனில்தான். போன மாதம் ஒரு வளைகாப்புக்கு 250 இலை என்று நான் நோட்டில் எழுதியிருக்கிறேன், அவர்களோ 350 சொன்னோம் என்று பந்தி நடக்கும்போதே சண்டைக்கு நின்றார்கள். இனிமேல் பேச்சைப் பதிவு செய்துவிடலாம் என்றிருக்கிறேன். கடையில் ஃபைபர் இணைப்பில் ஒரு லேண்ட்லைன், கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன். என்ன வாங்குவது?

கையடக்கம்:
எதுவும் வாங்காதீர்கள். இங்கே விற்கும் சாம்சங் போன்களில் பதிவு வசதி கூடவே வருகிறது, எல்லா அழைப்பும் பதிவாகட்டும் என்று ஒரு முறை செட்டிங்கில் போட்டால் போதும். கடை நம்பரையும் செல்லுக்குத் திருப்பிவிடுங்கள்.

செம்புக்கம்பி:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போனுக்குள் இருக்கும் வசதி நம் கையில் இல்லை. 2022 மே 11 முதல் கூகுள் தன் பிளே ஸ்டோர் விதியை மாற்றியதும் பதிவு ஆப் வைத்திருந்தவர்கள் எல்லாம் தவித்தார்கள், ட்ரூகாலரே அப்போது அந்த வசதியை எடுத்துவிட்டது. நாளைக்கு வேறு போன் வாங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணே, உங்கள் ஃபைபர் பெட்டியின் பின்னால் போன் வயர் சொருகும் துளை இருக்கும். அதிலிருந்து வருவது பழைய செம்பு லைன் மாதிரியே அனலாக்தான். அங்கே வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் போனுக்கும் மற்றதை வாய்ஸ் லாகருக்கும், அதாவது லைனில் வரும் பேச்சைப் பதிவு செய்யும் பெட்டிக்கும், கொடுங்கள். ரிசீவரை எடுத்ததும் லைனில் வோல்ட்டேஜ் சட்டென்று இறங்கும், லாகர் அதைப் பிடித்துத் தானாகவே பதிவைத் தொடங்கும், யாரும் பட்டன் அழுத்த வேண்டாம். ஆனால் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று லைனை நேராகக் கம்ப்யூட்டரின் மைக் துளையில் சொருகிவிடாதீர்கள். மணி அடிக்கும்போது செம்பு லைனில் 75 வோல்ட் ஏசி வரை வரும், சவுண்ட் கார்டு போய்விடும்.

கையடக்கம்:
லேண்ட்லைனுக்குச் சரி. ஆனால் இந்தக் காலத்தில் பாதிப் பேர் செல்லுக்குத்தானே கூப்பிடுகிறார்கள், அதற்கு என்ன வழி?

செம்புக்கம்பி:
காதில் வைக்கும் மைக் இருக்கிறது, ஒலிம்பஸ் டிபி-8 அந்த வகை. காதுக்குள் மாட்டி அதன்மேல் போனை வைத்துப் பேசினால் இரண்டு பக்கக் குரலும் ரெக்கார்டரில் ஏறும். எந்தப் போனாக இருந்தாலும் வேலை செய்யும்.

கையடக்கம்:
அடுப்படியில் கரண்டியோடு நிற்கிறவர், போன் அடித்ததும் மைக்கைத் தேடி மாட்டி, ரெக்கார்டரை ஆன் செய்து பேசுவாரா? நான்கு நாள் செய்வார். அப்புறம் சண்டை வருகிற அழைப்பு மட்டும் பதிவில் இருக்காது.

சாட்சிக்கூண்டு:
நீங்கள் இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடும், கேட்கிறார்கள். அதனால் மூலக் கோப்பை வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் அப்படியே வையுங்கள். இடம் பற்றாது என்று அழிக்கவும் வேண்டாம். சாதாரண போன் தரத்தில், அதாவது நொடிக்கு 64 கிலோபிட்டில், ஒரு மணி நேரப் பேச்சு 29 எம்பிதான், 32 ஜிபி கார்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இன்னொன்று, பேச ஆரம்பிக்கும்போதே பதிவாகிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்ய இதில் என்ன இருக்கிறது?

இலைக்கணக்கு:
பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், துளை இருக்கிறது. லாகரே வாங்குகிறேன். காதில் மாட்டும் மைக் எனக்குச் சரிவராது, அதில் கையடக்கம் சொல்வதுதான் நிஜம். செல்லில் யார் கூப்பிட்டாலும், இலைக் கணக்கு மட்டும் கடை நம்பரில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

கையடக்கம்:
முகூர்த்த மாதத்தில் ஆர்டர் கொடுக்க வருகிறவரை இரண்டாவது முறை கூப்பிடச் சொன்னால் அவர் வேறு கான்ட்ராக்டரிடம் போய்விடுவார் அண்ணே. செல்லிலும் பதிவைப் போட்டு வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.