ஃபேடிங்: மங்கலா, தொய்வா?

செல்பேசிக்கு வந்து சேரும் சமிக்ஞையின் வலு ஏறி இறங்குவதை ஆங்கிலத்தில் ஃபேடிங் (fading) என்கிறார்கள். அதற்கு மங்கல் என்ற சொல்லை நானும் பல வருடம் எழுதியிருக்கிறேன், ஆனால் ஓடும் செல்பேசியின் சமிக்ஞை வலுவை முன்கூட்டிக் கணிப்பது பற்றி எழுத உட்கார்ந்தபோது அது காலை வாரிவிட்டது. மங்குதல் என்றால் எண்ணெய் தீரும் விளக்கு மாதிரி, மெல்ல மெல்ல, ஒரே திசையில். ஃபேடிங் அப்படியா நடக்கிறது? கோபுரத்திலிருந்து கிளம்பிய அலை கட்டடங்களில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வந்து சேர்கிறது. முகடும் முகடும் சேர்ந்தால் வலு ஏறும், முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 33 செ.மீ., ஆகவே அதில் பாதி, 17 செ.மீ. நகர்ந்தாலே ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்குப் போய்விடலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அது 10 மில்லிநொடி வேலை. அங்கே வலு 20 டெசிபெல் இறங்குவது, அதாவது திறன் நூறில் ஒரு பங்காவது, சாதாரணம். விழுந்த கையோடு எழுந்துவிடுவதை மங்கல் என்று சொல்ல மனம் வரவில்லை. போதாததற்கு ‘மங்கல் தடம்’ (தடம் என்றால் சேனல், சமிக்ஞை வந்து சேரும் பாதை) என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போனால் மங்கலத் தடம் ஆகி மணமேடைக்குப் போய்விடுகிறது!

என் பரிந்துரை தொய்வு. இழுத்துக் கட்டிய கயிறு நடுவில் தொய்கிறது, இரு பக்கமும் மேலேதான் இருக்கிறது. வரைபடத்தில் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஆழ்தொய்வு, தொய்வுத்தடம், ரேலி தொய்வு (Rayleigh fading, நேர்வழி இல்லாமல் பல வழிகளில் அலை வரும்போது நிகழ்வது) என்று சேர்க்கவும் வளைந்து கொடுக்கிறது. இலங்கையில் தொய்வு என்றால் ஆஸ்துமா, அது கொஞ்சம் இடிக்கிறது, இருந்தாலும் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வர வாய்ப்பு குறைவு. மங்கலைத் தூக்கி எறியவும் வேண்டாம். குன்றோ கட்டடமோ மறைத்து சராசரி வலுவே பல மீட்டர் தூரத்துக்கு இறங்கிக் கிடக்கிறதே, அதற்கு நிழல்மங்கல் என்று வைத்துக்கொள்ளலாம், அங்கே மெல்ல மங்குவதுதான் நடக்கிறது.

அப்புறம் பிரெடிக்‌ஷன். கோபுரத்தை எங்கே நிறுத்துவது என்று திட்டமிட ஜப்பானியப் பொறியாளர் ஹாட்டா 1980-இல் தந்த சூத்திரம் போன்றவற்றால் சராசரி வலுவைக் கண்டுபிடிப்பதையும், அடுத்த சில மில்லிநொடியில் தொய்வு வருமா என்று பார்ப்பதையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? முதலாவது கணிப்பு, இரண்டாவது முன்கணிப்பு, இந்தக் கணத்துத் தடத்தை அளந்தறிவது மதிப்பீடு. மூன்றும் வேறு என்பது முக்கியம், ஏனென்றால் செல்பேசி தன் மதிப்பீட்டைக் கோபுரத்துக்கு அனுப்பி, அது பண்பேற்றத்தை, அதாவது தகவலை அலையில் ஏற்றும் முறையை, மாற்றுவதற்குள் தடம் மாறிப்போயிருக்கும். பழைய தகவலை வைத்து வேகமாக அனுப்பினால் பிழைதான் மிஞ்சும். முன்கணிப்பு தேவைப்படுவதே அந்த இடைவெளிக்காகத்தான்.

எவ்வளவு நேரம் முன்னே பார்க்க முடியும் என்ற எல்லைக்கு மட்டும் என்னிடம் சொல் இல்லை. ஆங்கிலத்தில் ஹொரைசன் (horizon) என்பதால் முன்கணிப்புத் தொடுவானம் என்று போட்டுப் பார்த்தேன், கவிதை மாதிரி ஆகிவிட்டது. யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் சொல்லுங்கள்.