துங்ஜி பாலத்தில் பாதியில் திரும்பிவிட்டேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

டைல்ஸ்காரன்:
வணக்கம். டைல்ஸ் ஏற்றுமதி வேலையாக ஒரு வருஷமாகத் தென்சீனாவின் ஃபோஷானில் இருக்கிறேன். இன்று மார்ச் 3, சீனப் புத்தாண்டின் 15ஆம் நாள். வீட்டுக்கார அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், என்னையும் துங்ஜி பாலம் கடக்கக் கூட்டிப்போனார். இன்று சந்திர கிரகணம் வேறு, ஊரிலிருந்து அம்மா போன் செய்து சாயங்காலம் வெளியே போகாதே என்றதால் மதியமே கிளம்பினோம். என் கையில் சிவப்பு நூல் கட்டிய லெட்டூஸ் ஒன்று, அவர் கையில் காகிதக் காற்றாடி. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் லெட்டூஸ் நழுவிப் பின்பக்கமாக உருண்டுவிட்டது. நான் சட்டென்று திரும்பி நாலைந்து படி இறங்கி எடுத்துவந்தேன். அவர் முகம் வாடிப்போய்விட்டது. கோபமில்லை, ஆனால் வீடு வரும்வரை பேசவே இல்லை. அப்படி என்ன தப்பு செய்துவிட்டேன்? எப்படிச் சரிசெய்வது?

குவாங்சோவாசி:
தெரியாமல் செய்ததுதானே, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். வடக்கிலிருந்து தெற்கே கடக்க வேண்டும், நடுவில் திரும்பக் கூடாது, வந்த வழியே வீட்டுக்கும் போகக் கூடாது. போன வருஷத்துப் பீடையைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருகிறோம், திரும்பிப் போனால் அதுவும் கூடவே வந்துவிடும் என்பது பெரியவர்கள் கணக்கு. 'ஹாங் துங்சை, மோ பை ஙை' என்று இங்கே குழந்தைகூடச் சொல்லும்: துங்ஜி கடந்தால் கவலை இல்லை. கான்டனீஸில் லெட்டூஸுக்கு 'சாங் சொய்' என்று பேர், செல்வம் பெருகுவதற்கும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. நீங்கள் கீழே போட்டது அதைத்தான், அவருக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். காற்றாடி சுற்றினால் நேரம் திரும்பும். நல்லவேளை, 16ஆம் நாளும் மக்கள் கடப்பார்கள், நாளைக்கே அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய் முழுசாகக் கடந்துவிடுங்கள்.

நெல்லைவாசி:
இதில் சாமி கும்பிடுவது ஏதாவது உண்டா? என் தம்பியும் அந்த ஊரில்தான் இருக்கிறான், அவனுக்கு அதில் தயக்கம்.

குவாங்சோவாசி:
பாலத்தில் நடப்பதுதான் சடங்கே. எந்த மதத்துக்காரரும் நடக்கலாம், இப்போது அதோடு சேர்த்து ஏழைகளுக்கு நிதி திரட்டுவதும் நடக்கிறது.

வரலாற்று மாணவி:
பெய்ஜிங்கில் படித்தபோது இதைத் தேடித் தேடி வாசித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பாலம் கடப்பது ஃபோஷானில் மட்டும் உள்ளதில்லை. மிங் அரச வம்சக் காலத்துப் பெய்ஜிங்கில் இதே பௌர்ணமியை ஒட்டி, 'நூறு நோயை நடந்து தொலைப்பது' என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வெள்ளைப் பட்டு உடுத்திக் கூட்டமாக இரவில் வெளியே கிளம்புவார்கள், பாலம் பாலமாகக் கடப்பார்கள், அப்புறம் நகர வாசலுக்குப் போய் இருட்டில் கதவின் பித்தளைக் குமிழ்களைத் தடவுவார்கள், கையில் குமிழ் பட்டால் ஆண் குழந்தை பிறக்கும் என்று. அந்தக் குமிழ்களைக் கதவின் ஆணி என்றுதான் சொல்வார்கள், ஆணிக்கும் ஆண் வாரிசுக்கும் சீனத்தில் ஒரே ஒலி. வருஷம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்களுக்கு ஊரை நடந்து பார்க்கக் கிடைத்த இரவு அது. நோய் போனதோ இல்லையோ, அந்த நடை அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். சூஜோ பக்கம் துங்லி என்ற ஊரில் தைப்பிங், ஜிலி, சாங்சிங் என்று மூன்று பாலங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கல்யாண ஊர்வலம் இன்றும் மூன்றையும் சுற்றி வருகிறது. டைல்ஸ்காரன், அந்த அம்மா வருந்தியது உங்களுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, உங்கள் வருஷம் கெட்டுவிடுமோ என்று.

டைல்ஸ்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே மொழிபெயர்ப்பு ஆப்பில் மன்னிப்பு எழுதிக் காட்டி, நாளைக்கு மறுபடி போகலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, உன்னைக் கூட்டிப்போவதாகத்தான் இருந்தேன் என்றார். இன்று சாயங்காலம் போனோம். திரும்ப நினைத்தாலும் முடியாது, அவ்வளவு கூட்டம், போலீஸ் கயிறு கட்டி ஒரே பக்கமாக அனுப்புகிறார்கள். என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தவர் தெற்குப் பக்கம் இறங்கித் தெருமுனை தாண்டும்வரை விடவில்லை. வேறு வழியாக வீட்டுக்கு வந்து, லெட்டூஸைப் பூண்டு போட்டு வதக்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம். காற்றாடியை என் அறை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார்.