மெண்டெல்சோன் பற்றி அரைப் பக்கக் குறிப்பு: எதை எழுதலாம், எதை விடலாம்?

பம்பலப்பிட்டி_பியானோ:
கொழும்பில் ஒரு பாடசாலைக் கச்சேரிக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டெல்சோனின் 'ஹெப்ரிடீஸ்' ஓவர்ச்சர் (இசைக்குழுவுக்கான ஒரே பகுதிப் படைப்பு). நிகழ்ச்சி நிரலில் அவரைப் பற்றித் தமிழில் அரைப் பக்கம் போகவேண்டும். மூன்று சந்தேகம். 5ஆம் சிம்பொனி 1830, 3ஆவது 1842 என்று போட்டிருக்கிறதே, பிழையா? 'கண்டக்டர்' என்றால் 100ஆம் இலக்க பஸ்தான் ஞாபகம் வருகிறது, வேறு சொல் உண்டா? எங்களிடம் பி பிளாட் கிளாரினெட் மட்டுமே இருக்கிறது, சமாளிக்கலாமா?

பழைய_ஸ்கோர்:
பிழையில்லை. இலக்கம் அச்சேறிய வரிசையில் விழுந்தது. எழுதி முடித்த வரிசை 1 (1824), 5 (1830), 4 (1833), 2 (1840), 3 (1842). 4ஆவதைத் திருத்திக்கொண்டே இருந்தார், அச்சுக்குக் கொடுக்கவில்லை. அது 1851இலும் 5ஆவது 1868இலும் வெளிவந்தன. அவர் இறந்தது 1847இல், 38 வயதில். ஆகவே "கடைசி சிம்பொனி 5ஆவது" என்று எழுதிவிடாதீங்கோ.

பின்வரிசை_வயோலா:
'இசைக்குழு நடத்துநர்' போதும். அவர் இசைக்குழு நடத்தியதைப் பற்றி எழுதுவதைச் சுருக்கவேண்டாம், ஏனென்றால் அவருடைய பாதி வாழ்க்கை அதுதான். 1835இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவுக்கு வரும்வரை அங்கே சிம்பொனிகளை முதல் வயலின்காரர் தன் இருக்கையிலிருந்தே நடத்தினார். மெண்டெல்சோன் கோலோடு முன்னால் நின்றார். ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனியை 1839இல் முதன்முதல் அரங்கேற்றியதும் அவர்தான்.

பழைய இசையமைப்பாளர் பாஹ்கின் மத்தேயு பாஷனை (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பெரிய பாடல் படைப்பு) 1829 மார்ச் 11இல் பெர்லினில் நடத்தினார், வயது 20. இதைப் பற்றி இரண்டு தவறு எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, "சரியாக 100 வருடம் கழித்து": அப்போது அப்படி நம்பினார்கள், இப்போது முதல் நிகழ்வை 1727 என்றே கொள்கிறார்கள். மற்றது, "மறந்துபோன பாஹ்கைக் கண்டெடுத்தார்": மெண்டெல்சோனின் ஆசிரியர் செல்டர், அன்று பாடிய அதே பாடகர் குழுவில் பல வருடங்களாகப் பாஹ்கின் கோரஸ்களைப் பழக்கிவந்தவர். மெண்டெல்சோன் செய்தது, நிறைய வெட்டிக் குறைத்து மேடைக்குக் கொண்டுவந்தது.

பழைய_ஸ்கோர்:
ஓவர்ச்சருக்கும் ஒரு திருத்தம். "ஃபிங்கல் குகையைப் பார்த்ததும் ஆரம்ப இசை பிறந்தது" (ஸ்கொட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் உள்ள குகை) என்பது அழகான கதை, ஆனால் தேதி இடிக்கிறது. தொடக்கத்தை வீட்டுக் கடிதத்தில் எழுதியது 1829 ஆகஸ்ட் 7, குகைக்குப் போனது மறுநாள்.

நாணல்_2:
கிளாரினெட் பார்ட்கள் இரண்டும் ஏ கிளாரினெட்டுக்கு; அது பி பிளாட்டை விட அரை ஸ்வரம் தாழ்வாக ஒலிக்கும். பி பிளாட்டில் எல்லாவற்றையும் அரை ஸ்வரம் கீழே வாசிக்கவேண்டும். எழுதியிருக்கும் டி மைனர் சி ஷார்ப் மைனராகும், எஃப் மேஜர் ஈ மேஜராகும்; இரண்டிலும் நாலு ஷார்ப், அதாவது ஸ்வரத்தை அரை ஸ்வரம் உயர்த்தும் குறி. பார்த்தவுடனே மாற்றி வாசிக்கச் சொல்லாதீங்கோ, புதிதாக எழுதிக் கொடுங்கோ. முதலில் தடுமாறப்போவது, பிற்பகுதியில் இரண்டு கிளாரினெட்டும் தனித்து மிக மென்மையாகச் சேர்ந்து வாசிக்கும் இடம். ஒத்திகையை அங்கிருந்தே தொடங்கலாம். வேகமான கடைசிப் பகுதியை இறுதி நாளுக்கு விடவும் வேண்டாம்.